சேர்க்கைப் படிவத்தின் இரண்டாம் பக்கம்: ஒரு முதியோர் இல்லம் பற்றி

அரசு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். உடம்பு தேறியும் கூட்டிப்போக ஆளில்லாத முதியவர்களுக்கு இடம் தேடுவதே என் வேலையில் பாதி. திருச்சிக்கு வெளியே உள்ள இந்த இல்லத்தில் இரண்டு வருடத்தில் ஐந்து பேரைச் சேர்த்திருக்கிறேன். படுக்கை, கழிப்பறை, சாப்பாடு எல்லாம் சுத்தம். நான் எழுத வந்தது வேறு விஷயம்: அவரவர் மத நம்பிக்கையை இல்லங்கள் எப்படி நடத்துகின்றன என்பது.

முன்பு வேறோர் இல்லத்தில் ஒரு பாட்டியைச் சேர்த்தேன். எப்போதும் கழுத்தில் செபமாலை போட்டிருப்பவர். அங்கே பஜனை முடிந்துதான் காலை இட்லி. வராதவர்களுக்குக் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. தட்டு கடைசியாக வரும், ஆறிப்போய். மூன்றாம் மாதம் பார்க்கப் போனபோது கழுத்தில் மாலை இல்லை. தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். பொறுப்பாளரிடம் கேட்டேன். "சும்மா உட்கார்ந்திருந்தா என்னம்மா குறைஞ்சிடப் போகுது?" என்றார். திருநீறு பூசிய தாத்தாக்களை ஜெபத்துக்கு உட்கார வைக்கும் இடங்களையும் பார்த்திருக்கிறேன், அங்கேயும் இதே கேள்விதான்.

கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், தங்கள் மத நம்பிக்கைப்படி பாட மட்டும் மாட்டோம் என்றார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. அது தவறு என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதச் சுதந்திரம் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அவர்களுக்குத் துணை நின்றது. குடிமை, அரசியல் உரிமைகளுக்காக இந்தியா 1979-ல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவும், மத விஷயத்தில் யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. வற்புறுத்தல் என்றதும் நமக்கு அடியும் மிரட்டலும்தான் நினைவுக்கு வரும். போக்கிடம் இல்லாத ஒருவரை வழிக்குக் கொண்டுவர ஓர் ஆறிய இட்லி போதும்.

இந்த இல்லத்தின் சேர்க்கைப் படிவத்தில் இரண்டாம் பக்கம் முழுக்க இதற்கென்றே இருக்கிறது. எந்த உணவு ஆகாது, எந்த நாளில் விரதம், வழிபாட்டுக்கு என்ன வேண்டும், காலமானால் அடக்கமா தகனமா, யாருக்கு முதலில் சொல்ல வேண்டும். நான் சேர்த்த தையல்கார பாய்க்கு எழுபத்து நான்கு வயது, சர்க்கரை நோய் வேறு. ரமலானில் நோன்பு வைப்பேன் என்று பிடிவாதம். வேண்டாம் என்று தடுக்கவில்லை, மருத்துவரிடம் அழைத்துப்போய் ஆபத்தையும் சொல்ல வைத்தார்கள். "என் நோன்பு, நான் பாத்துக்கிறேம்மா" என்றார். மாத்திரை நேரத்தை மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். சமையல் அக்கா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சஹர் சாப்பாடு சூடாக வைத்தார். பதினோராம் நாள் தலைசுற்றியதும் அவரே நிறுத்திக்கொண்டார். யாரும் "அப்பவே சொன்னோமே" என்று சொல்லவில்லை, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கூடத்தில் காலை வழிபாடு இங்கேயும் உண்டு. ஆனால் சாப்பாட்டு மணி அதற்கு முன்பே அடித்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போக வண்டி ஏற்பாடு இல்லை, பாய் சொந்தக் காசில் ஆட்டோ பிடிக்கிறார். வழிபாட்டு ஒலிபெருக்கி பெண்கள் அறைப் பக்கம் திரும்பியிருக்கிறது. அப்புறம், படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்பதற்கு இடமே கிடையாது. நான் சேர்த்த கறுப்புச் சட்டைப் பெரியவர் பேனாவை வாங்கி, கட்டத்துக்கு வெளியே 'மதம் இல்லை, சடங்கு வேண்டாம், உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாங்கி வைத்துக்கொண்டார்கள், சரி. அச்சிலேயே அந்த வரி வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். சேர்க்கப் போகிறவர்கள் இரண்டாம் பக்கத்தை முதியவரிடமே கொடுங்கள். கூட வரும் பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறார்கள்.