டுரியான் தோட்டத்து அணிலுக்குக் கண்ணியா, நஞ்சா, துப்பாக்கியா, கூண்டா?

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள பாலிக் புலாவ் சரிவுகளில் டுரியான் பயிரிடுவோருக்கு, காயை மரத்திலேயே குடைந்துவிடும் அணில் பெருந்தொல்லை. அதைப் பிடிக்கும் வழிகளை, அவை அணிலோடு நிற்கின்றனவா, பிற உயிர்களையும் வாரிக்கொள்கின்றனவா என்பதை வைத்தே நான் எடைபோடுகிறேன். 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்ற பினாங்கு மலைக்காடு இந்தத் தோட்டங்களுக்கு வெகு அருகில் இருக்கிறது.

கம்பிக் கண்ணியை முதலிலேயே தள்ளிவிடலாம். சட்டம் அதைத் தடைசெய்கிறது; அணிலுக்கு வைத்த சுருக்கில் மரநாயின் கால் அறுபடுவதைக் கண்ணி வைத்தவரால் தடுக்கவும் முடியாது.

நஞ்சு அதைவிடக் கொடியது என்பேன். இரத்தம் உறையாமல் செய்யும் எலிமருந்தைத் தின்ற விலங்கு உடனே சாவதில்லை. சில நாள்கள் தளர்ந்து திரியும்போது, அதை எளிதாகப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் அந்த நஞ்சு ஏறுகிறது. எலியைத் தின்று நமக்கு உதவும் பறவை அது.

துப்பாக்கி கண்ணால் பார்த்துக் குறிவைப்பது என்பதால் தவறு குறைவு. ஆனால், 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். வெடிச்சத்தம் இன்னொரு கேடு. பகலில் மரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் அதனால் கலைந்துவிடக்கூடும். டுரியான் பூ மாலையில் விரிந்து ஓரிரவில் உதிர்வது. அதற்குள் மகரந்தம் சேர வௌவால்கள் வந்தாக வேண்டும். தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் அந்த வேலையைச் செய்வதை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அணிலை விரட்டப்போய் அடுத்த பருவத்துக் காயை இழப்பது எவ்வளவு பெரிய நட்டம்!

எனவே நான் உயிரோடு பிடிக்கும் கூண்டையே தேர்ந்தெடுப்பேன். பிடித்தபின் விலங்கைப் பார்த்து முடிவெடுக்க இடம் தருவது இது ஒன்றே. அணில் பகலில் இரைதேடுவது. மரநாயும் தேவாங்கும் இரவில் நடமாடுபவை. ஆகையால் விடிந்ததும் கூண்டைத் திறந்துவைத்து, பொழுது சாயுமுன் கதவை அடைத்துவிட்டால் பாதித் தவறு அப்போதே நீங்கிவிடும். பழுத்த வாழைப்பழத்தை இரையாக வைத்து, நிழலான கிளையில் கட்டி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சென்று பார்க்க வேண்டும். வெயிலில் விட்டால் சிக்கிய உயிர் வெந்து சாகும். வேறு விலங்கு சிக்கினால் அங்கேயே திறந்துவிடுவது கடமை. பிடிக்கவிருக்கும் இனத்துக்கு உரிமம் தேவையா என்று வனவிலங்குத் துறையிடம் முன்னதாகவே கேட்டறிவதும் அப்படியே.

கிளைகள் பிறவற்றைத் தொடாமல் தனித்து நிற்கும் மரங்களுக்கு மட்டும் அடிமரத்தில் வழவழப்பான தகரம் சுற்றினால் போதும். அங்கே எதையும் பிடிக்க வேண்டியதில்லை.