ஸ்கேனில் குறை என்ற பிறகு நாங்கள் போன இடம்

20வது வார ஸ்கேனில் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடவில்லை, ஸ்பைனா பைஃபிடா என்றார்கள். "சீக்கிரம் முடிவெடுங்க" என்று ரிப்போர்ட்டை நீட்டியதோடு சரி, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த ஸ்கேன் சென்டர் பெயர் வேண்டாம். மறுநாள் போன, வயிற்றிலிருக்கும் குழந்தைக்கான கருவளர் மருத்துவ மையத்துக்குத்தான் இந்த விமர்சனம்.

டாக்டரம்மா மறுபடி ஸ்கேன் செய்து, குறை முதுகில் எந்த மட்டத்தில் இருக்கிறது, கால் அசைகிறதா, மூளையில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று திரையிலேயே காட்டி, குழந்தைகளுக்கான நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரையும் வரவழைத்துப் பேச வைத்தார். நடக்குமா, சிறுநீர்க் கட்டுப்பாடு வருமா, தலையில் ஷன்ட் (மூளை நீரை வடிக்கும் குழாய்) வைக்க வேண்டியிருக்குமா, எதையும் மழுப்பவில்லை. கலைத்துவிடு என்றும் சொல்லவில்லை, வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. என் மாமியார் "நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா" என்று கெஞ்சியபோது, "முடிவு உங்க மருமகளோடதும்மா" என்றார் பாருங்கள், அதற்கே ஐந்து ஸ்டார்.

2021 கருக்கலைப்புத் திருத்தச் சட்டப்படி இந்த மாதிரிக் குறைக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புதல் போதும், அதைத் தாண்டினால் மருத்துவ வாரியம் பார்க்கும் என்று விளக்கினார்கள். நேரம் இருக்கிறது என்று தெரிந்த அன்றுதான் தூங்கினேன்.

இந்த மையத்தில் குறை சொல்வதென்றால் காத்திருக்கும் இடம்தான். நிறைமாத வயிறுகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் அழுகையை அடக்கி உட்காருவது கொடுமை, தனி அறை ஒன்று ஒதுக்கலாம்.

என்ன முடிவெடுத்தோம் என்று கேட்காதீர்கள். மூன்று வாரம் கழித்து அவர்களே போன் செய்து விசாரித்தார்கள், அடுத்த முறை கருத்தரிக்கும் முன்பே கூடுதல் அளவு ஃபோலிக் ஆசிட் தொடங்க வேண்டும், வந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.