ஆச்சிக்கு ஒரு சல்லடை, கல்பட்டறைக்கு ஒரு சல்லடை: ஆர்ஸ்பாம்டியோடு ஓராண்டு

காரைக்குடியில் இருந்தபடி நான் பார்த்துக்கொள்ளும் மெயில் சர்வரில் மொத்தம் 31 ஐடி. ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறை, கானாடுகாத்தான் பக்கம் ஹோட்டலாக மாற்றிய பெரிய வீடு, ஆச்சி பார்க்கும் அந்த வீட்டுப் பங்காளிகளின் பொதுக் கணக்கு. மூன்றும் ஒரே குடும்பம், ஒரே டொமைன். ஆனால் ஒருத்தருக்குக் குப்பையாக வருவது இன்னொருத்தருக்குச் சோறு.

பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டுக் கையால் அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிற கல் அது. சூளையே கிடையாது. அந்தப் பட்டறைக்குத் தினமும் யாராவது சூளை விற்க மெயில் அனுப்புகிறார்கள். ஹோட்டலுக்கோ முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர் எழுதுவதுதான் வியாபாரமே. பங்காளிக் கணக்கு இன்னும் விசேஷம். பினாங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் "தாத்தா சொத்தில் என் பங்கு", "பவர் பத்திரம் இணைத்துள்ளேன்" என்று வரும். வேறு யாருக்கு வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு மோசடி என்று சொல்லிவிடலாம். செட்டிநாட்டில் அது நெசமான பாகப்பிரிவினை.

முன்பு வைத்திருந்த ஹோஸ்டிங்கில் வடிகட்டிக்கு ஒரே ஸ்விட்ச். போட்டால் எல்லாருக்கும், அணைத்தால் எல்லாருக்கும். அதனால்தான் சொந்தமாக போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்புவது), டவ்காட் (பெட்டியில் வைத்துக் கொடுப்பது) ஏற்றி, அதன் முன்னால் ஆர்ஸ்பாம்டி என்ற ஸ்பாம் வடிகட்டியை நிறுத்தினேன். ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. சி-யிலும் லுவா-விலும் எழுதியது, பெர்லில் எழுதிய பழைய வடிகட்டி ஸ்பாம்அசாசினைவிட வேகம் நன்றாகவே தெரிகிறது.

பெறுநர்வாரியாகப் பிரிப்பது எதிர்பார்த்ததைவிடச் சுலபம். லோக்கல்.டி ஃபோல்டரில் செட்டிங்ஸ் ஃபைல் ஒன்று. அதில் ஆளுக்கொரு பிளாக், அதாவது ஒரு பத்தி: எந்த ஐடிக்கு, இரண்டு பிளாக் மோதினால் என்ன முன்னுரிமை, என்ன செய்ய வேண்டும். ஆர்ஸ்பாம்டி ஒவ்வொரு மெயிலுக்கும் மார்க் போடும், கூடக்கூடக் குப்பை. 4 தாண்டினால் கிரேலிஸ்ட் (கொஞ்ச நேரம் கழித்து வரச் சொல்வது), 6 தாண்டினால் ஹெடரில், அதாவது மெயிலின் தலைப்பகுதியில், ஸ்பாம் முத்திரை, 15 தாண்டினால் வாசலிலேயே ரிஜெக்ட். இதெல்லாம் அது கொண்டுவரும் கணக்கு, ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். ஹோட்டல் புக்கிங் ஐடிக்குக் கிரேலிஸ்டை எடுத்துவிட்டேன். ரூம் கேட்டு எழுதியவரின் சர்வரை "அஞ்சு நிமிஷம் கழித்து வா" என்று திருப்பி அனுப்பினால் அவர் அதற்குள் வேறு வீட்டில் ரூம் போட்டுவிடுவார். ஆச்சியின் ஐடிக்கு பேயஸ் (பழைய மெயில்களின் சொற்களைக் கற்றுக்கொண்டு குப்பையா என்று கணிக்கும் பகுதி) போடும் மார்க்கைக் குறைத்தேன். மற்றவர்களின் குப்பையில் பாடம் படித்த பேயஸ் "சொத்து", "பங்கு" என்று கண்டாலே 5.1 வரை ஏற்றிவிடும். அவருக்கு மட்டும் 1.

ஆளுக்குத் தனித்தனி பேயஸ் வைக்கவும் வசதி உண்டு, வைத்துப் பார்த்தேன். ஸ்பாமில் 200, நல்லதில் 200 கற்றுக்கொண்ட பிறகுதான் அது வாயைத் திறக்கும். ஆச்சிக்கு வாரத்துக்கு நாலு மெயில். பேரன் கல்யாணமே முடிந்துவிடும். எடுத்துவிட்டேன்.

இனி நான் பட்டது. பட்டறை முதலாளி அண்ணன், "தம்பி, என் ஐடிக்குக் குப்பையே வரக்கூடாது" என்றார். அவருக்கு ரிஜெக்டை 7 என்று வைத்து, முன்னுரிமையையும் உயர்த்திவிட்டேன். செட்டிங்ஸைச் சரிபார்க்கும் கான்ஃபிக்டெஸ்ட் ஓடவிட்டால் எல்லாம் சரி என்றது. மூணாம் நாள் சென்னையிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் போன் போட்டார், 600 சதுர அடிக்கு ஆர்டர் அனுப்பியது பவுன்ஸ் ஆகித் திரும்பிவிட்டதாம். ஆர்ஸ்பாம்டியின் வெப் பக்கத்தில் ஹிஸ்டரியைத் திறந்தேன். மார்க் 7.4. அண்ணனுக்கும் பட்டறை ஐடிக்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். பெறுநர்களில் ஒருத்தர் பெயர் பொருந்தினாலே அந்த மெயில் முழுவதற்கும் அவருடைய பிளாக் பொருந்திவிடும். 15 வரை பொறுத்திருக்க வேண்டிய பட்டறை ஐடிக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியிருக்கிறது.

இதில் ஆர்ஸ்பாம்டியைக் குறை சொல்ல முடியாது. சர்வர்கள் மெயில் கைமாற்றும் முறையான எஸ்எம்டிபி-யின் சுபாவம் அது. முகவரி சொல்லும்போது ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பதில் சொல்லலாம், ஆனால் உள்ளடக்கம் முழுக்க வந்த பிறகு எத்தனை பேருக்கு வந்திருந்தாலும் ஒரே பதில்தான். அமாவிஸ் என்ற இன்னொரு மெயில் சோதனை நிரல் மாதிரி, வாங்கி வரிசையில் போட்ட பிறகு ஆளாளுக்குப் பிரித்துப் பார்ப்பதும் உண்டு. ஆனால் "சரி" என்று வாங்கிய பின் திருப்பினால் பவுன்ஸ் யாரோ அப்பாவிக்குப் போகும். ஸ்பாம் அனுப்புகிறவன் தன் முகவரியையா போடுகிறான்?

கடைசியில் நின்ற வழி இது. ரிஜெக்ட் எல்லாருக்கும் பொதுவாக 15, அதில் ஆளுக்காள் கை வைப்பதில்லை. ஹெடரில் மார்க்குக்குத் தகுந்த எண்ணிக்கையில் நட்சத்திரக் குறி போடச் சொல்லிவிட்டேன். 7.4 என்றால் ஏழு குறி. பிரிப்பதை டவ்காட்டின் சிவ் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்கிறது (சிவ் என்றாலே சல்லடைதான்). அண்ணனுக்கு நாலு குறி இருந்தாலே ஜங்க் ஃபோல்டர், ஆச்சிக்குப் பத்து. ஒரே மெயில் அண்ணனுக்கு ஜங்க்கில் விழும், பட்டறைக்கு இன்பாக்ஸில் நிற்கும். யாருக்கும் எதுவும் தொலைவதில்லை.

அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது, இந்தப் பல பெறுநர் சங்கதி புதுசாக வருகிறவன் கண்ணில் முதலிலேயே படாததற்கு. இன்னொன்று, கான்ஃபிக்டெஸ்ட் இலக்கணத்தைத்தான் பார்க்கும். ஐடியில் ஒரு எழுத்து தவறினால் அந்த பிளாக் சத்தமில்லாமல் சும்மா கிடக்கும். நான் ஒரு வாரம் அப்படிக் கிடக்க விட்டேன். ஒரே ஆபீஸ், எல்லாருக்கும் ஒரே மாதிரி மெயில் என்றால் இந்தப் பாடு தேவையே இல்லை, வந்தபடியே வைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் ஈப்போவிலிருந்து வந்த ஒன்று 6.2 வாங்கியும் ஆச்சியின் இன்பாக்ஸில் போய் நின்றது. படித்துவிட்டு போன் பண்ணினார். "தம்பி, இவன் நெசமான ஆளுதான், பெரியவுக பேரன். ஆனா பங்கு கேக்குறான். இதைக் குப்பையில தள்ளத் தெரியுமா ஒன் மிஷினுக்கு?"