டிரைவ், பிரிண்டர் மேப்பிங்: லாகான் ஸ்கிரிப்டா, குரூப் பாலிசியா?

கணக்குப் பிரிவுக்கு ஒரு டிரைவ், மனிதவளப் பிரிவுக்கு ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக ஒன்று, கூடவே பக்கத்தில் இருக்கும் பிரிண்டர். விண்டோஸ் டொமைன் (கம்ப்யூட்டர்களையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) வைத்திருக்கும் அலுவலகங்கள் பெரும்பாலும் கேட்பது இவ்வளவுதான். சர்வரில் பகிர்ந்த ஃபோல்டரை ஒரு டிரைவ் எழுத்தாகவும், பிரிண்டரையும் பயனரின் கம்ப்யூட்டரில் தானாக இணைப்பதுதான் மேப்பிங். இதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: லாகின் செய்யும்போது ஓடும் லாகான் ஸ்கிரிப்டாக எழுதும் பேட்ச் ஃபைல், விபி ஸ்கிரிப்ட், பவர்ஷெல்; அடுத்து, அட்மின் மையமாக அமைக்கும் குரூப் பாலிசியில் உள்ள பிரிஃபரன்ஸஸ். என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் பிரிஃபரன்ஸஸ். அதனால் முடியாத இடத்தில் மட்டும் பவர்ஷெல்.

பேட்ச் ஃபைலின் பலம் எளிமை. ஒரு டிரைவுக்கு ‘நெட் யூஸ்’ கட்டளை ஒரு வரி. ஃபைலை டொமைன் சர்வரில் உள்ள நெட்லாகான் ஷேரில் (பகிர்வு ஃபோல்டரில்) போட்டு, பயனர் கணக்கின் புரொஃபைல் பக்கத்தில் பெயரைக் கொடுத்தால் ஓடிவிடும். சிக்கல், பயனர் எந்தக் குரூப்பில் இருக்கிறார் என்று பார்ப்பதில்தான். முன்பு மைக்ரோசாஃப்டின் ரிசோர்ஸ் கிட் கருவித் தொகுப்பில் இருந்த ‘இஃப்மெம்பர்’ இதைச் செய்தது. இப்போது பலரும் ‘ஹூஆம்ஐ’ கட்டளை தரும் குரூப் பட்டியலில் பெயரைத் தேடுகிறார்கள். ‘சேல்ஸ்’ என்று தேடினால் ‘சேல்ஸ் மேனேஜர்ஸ்’ குரூப்பும் அகப்படும். மேலாளர் குரூப்பில் மட்டும் இருப்பவருக்கும் சேல்ஸ் டிரைவ் போய்ச் சேரும்.

விபி ஸ்கிரிப்டில் டிரைவ், பிரிண்டர், டீஃபால்ட் பிரிண்டர் மூன்றையும் ஒரே நெட்வொர்க் ஆப்ஜெக்டில் முடிக்கலாம். அதனால்தான் அது அவ்வளவு பரவியது. ஆனால் கைமாறி வரும் பழைய ஸ்கிரிப்டுகள் பல, ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் பயனர், குரூப் விவரங்கள் இருக்கும் இடம்) பயனரின் ‘மெம்பர்ஆஃப்’ பண்பை மட்டும் படிக்கின்றன. நேரடிக் குரூப்கள்தான் அதில் இருக்கும். குரூப்புக்குள் குரூப் வைத்திருந்தால் தெரியாது. பிரைமரி குரூப்பான டொமைன் யூசர்ஸும் வராது. போதாததற்கு, விபி ஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்துவிட்டது. புதிதாக யாரும் அதில் எழுத வேண்டாம்.

பவர்ஷெல் இந்த இரண்டு குறைகளையும் தாண்டுகிறது. லாகின் டோக்கனில் (லாகினின்போது உருவாகும், பயனரின் குரூப்களும் உரிமைகளும் அடங்கிய பதிவு) இருக்கும் குரூப்களை நேரடியாகப் படிக்கலாம். உள்ளடங்கிய குரூப்களும் அதில் இருக்கும், பெயரையும் முழுதாக ஒப்பிடலாம். பிழையை லாகில் எழுதி வைக்கலாம். ஆனாலும் லாகான் ஸ்கிரிப்ட் என்ற முறைக்கே உள்ள தொல்லைகள் இதற்கும் உண்டு. விண்டோஸ் 8.1 முதல், குரூப் பாலிசி வழியாக வரும் லாகான் ஸ்கிரிப்ட் இயல்பாகவே 5 நிமிடம் தாமதித்துத்தான் ஓடும். பாலிசியில் அதை மாற்றாவிட்டால் ‘டிரைவ் வரவில்லை’ என்று காலையில் போன் வரும். அப்புறம், லோக்கல் அட்மின் உரிமை உள்ளவருக்கு ஸ்கிரிப்ட் உயர்த்தப்பட்ட, அதாவது முழு அட்மின் உரிமையுள்ள, டோக்கனில் ஓடுவதால், இணைத்த டிரைவ் எக்ஸ்புளோரரில் தெரியாமல் போகலாம்.

விண்டோஸ் சர்வர் 2008-உடன் வந்த பிரிஃபரன்ஸஸில் எழுத வேண்டிய நிரலே இல்லை. டிரைவ் எழுத்து, ஷேர் பாதை, யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் ஐட்டம் லெவல் டார்கெட்டிங்கில் செக்யூரிட்டி குரூப். அவ்வளவுதான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அடுத்து வரும் அட்மின் யாருடைய நிரலையும் புரிந்துகொள்ளப் போராட வேண்டியதில்லை என்பது. எந்தப் பாலிசி வந்தது, எது வரவில்லை என்பதை ‘ஜிபிரிசல்ட்’ அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம்.

கவனம் வேண்டிய இடம், ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தேர்ந்தெடுக்கும் ஆக்‌ஷன். ‘அப்டேட்’ போதும். ‘ரீப்ளேஸ்’ என்றால் ஒவ்வொரு முறையும் இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைக்கும். குரூப்பை விட்டு விலகியவருக்கு டிரைவும் போக வேண்டும் என்று ‘பொருந்தாதபோது நீக்கு’ என்பதை டிக் செய்தால், ஆக்‌ஷன் தானாகவே ரீப்ளேஸுக்கு மாறிவிடும். அதைவிட, ‘இந்தக் குரூப்பில் இல்லாதவர்’ என்ற டார்கெட்டிங்குடன் தனியாக ஒரு ‘டெலீட்’ ஐட்டம் வைப்பது நல்லது. இன்னொன்று, பழைய பிரிஃபரன்ஸஸ் ஃபைல்களில் கடவுச்சொல் இருக்கிறதா என்று சிஸ்வாலில் (டொமைன் சர்வரில் பாலிசி ஃபைல்கள் இருக்கும் ஷேர்) தேடிப் பாருங்கள். 2014 மே மாதப் பாதுகாப்பு அப்டேட் புதிதாகச் சேமிப்பதைத்தான் தடுத்தது. ஏற்கெனவே இருந்ததை அழிக்கவில்லை.

பிரிண்டரைப் பயனர் குரூப்போடு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. டிரைவ் ஆளுடைய வேலையைப் பொறுத்தது. பிரிண்டர் அவர் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. கணக்குப் பிரிவு ஊழியர் மூன்றாம் மாடியில் லாகின் செய்தால், அவருடைய காகிதம் முதல் மாடியில் வந்து விழுவதில் யாருக்கு லாபம்? கம்ப்யூட்டரின் ஓயூ (ஆக்டிவ் டைரக்டரியில் அது இருக்கும் பிரிவு), ஐபி வரம்பு, சைட் (ஆக்டிவ் டைரக்டரியில் குறித்த இடம்) ஆகியவற்றை வைத்து டார்கெட் செய்யுங்கள். பிரிஃபரன்ஸஸில் இது சில கிளிக். ஸ்கிரிப்டில் ஐபி கணக்கை நாமே எழுத வேண்டும். பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர் விஷயத்தில் மட்டும் எந்த வழிக்கும் சலுகை இல்லை. பிரிண்ட்நைட்மேர் என்ற விண்டோஸ் பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு, 2021 ஆகஸ்ட் அப்டேட் முதல் பிரிண்டர் டிரைவரை நிறுவ அட்மின் உரிமை தேவை. டிரைவரை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஏற்றி வையுங்கள்.

சரி, பவர்ஷெல் எங்கே வேண்டும்? வீட்டிலிருந்து விபிஎன்னில் வரும் லேப்டாப்களுக்கு. லாகின் நேரத்தில் அங்கே சர்வரே எட்டாது. லாகான் ஸ்கிரிப்ட் ஓடினாலும் பயனில்லை. அதே பவர்ஷெல் ஸ்கிரிப்டை டாஸ்க் ஷெட்யூலரில் வைத்து, நெட்வொர்க் இணைந்ததைச் சொல்லும் 10000 என்ற ஈவென்ட்டைத் தூண்டுதலாகக் கொடுங்கள். தொடக்கத்தில் ஃபைல் சர்வர் எட்டுகிறதா என்று சோதித்து, எட்டாவிட்டால் சத்தமில்லாமல் வெளியேறும்படி எழுதினால், விபிஎன் இணைந்த பிறகு டிரைவ் வந்து சேரும்.