ஃபைட்டர் குஞ்சுகளின் முதல் உணவு: வினிகர் ஈலா, மைக்ரோ வார்மா?

ஃபைட்டர் மீனின் முட்டை பொரிந்த இரண்டு மூன்று நாட்களில், குஞ்சுகள் தங்கள் கருவுணவுப் பையைத் தீர்த்துவிட்டுக் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கிவிடுகின்றன. அசையும் இரையைக் கண்டே பாயும் அவற்றுக்கு அன்றே உயிருள்ள உணவு வேண்டும். வளர்ச்சிக்கு ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலை மிஞ்ச எதுவும் இல்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு நாளாகும், பொரிந்த உயிரி அரை மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் மிகச் சிறிய குஞ்சுகள் முதல் ஓரிரு நாட்கள் திணறும். அந்த இடைவெளியை நிரப்ப வீட்டிலேயே வளர்க்கக்கூடியவை மைக்ரோ வார்மும் வினிகர் ஈலும். இரண்டையும் சென்னை வெயிலில் வளர்த்துப் பார்த்த பின், இப்போது வினிகர் ஈலை மட்டுமே வைத்திருக்கிறேன்.

விலை, அளவு ஆகியவற்றில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள, முடியைவிட மெல்லிய நூற்புழுக்கள். விளைச்சலில் மைக்ரோ வார்ம்தான் முந்துகிறது: ஓட்ஸ் கூழில் சிறிது ஈஸ்ட் தூவிப் புழுவை விட்டால், சில நாட்களிலேயே டப்பாவின் உட்சுவரில் ஏறி வலைபோலப் படர்ந்துவிடும்; விரலால் வழித்துத் தொட்டியில் கலக்கலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஃபைட்டர் ஜோடி நம் நாள்காட்டியைப் பார்த்து முட்டையிடுவதில்லை. மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு காலையில் ஆண் மீன் கட்டிய நுரைக்கூடு முழுக்க முட்டை கிடக்கும். ஆகவே குஞ்சே இல்லாத நாட்களிலும் சாகாமல் காத்திருக்கும் கல்ச்சர்தான், அதாவது புழு வளர்ப்புதான், வீட்டில் வளர்ப்பவருக்கு உதவும். மைக்ரோ வார்ம் கூழ் இரண்டு மூன்று வாரங்களில் நீர்த்துப் புளித்து நாறத் தொடங்குகிறது, சித்திரை வெயிலில் அதற்கும் முன்பே. மூடியின் காற்றுத் துளைகளைத் துணியால் மறைக்காவிட்டால் பழ ஈக்கள் முட்டையிட்டுவிடுகின்றன. குஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் புதுக் கூழ் காய்ச்சி, பழைய டப்பாவிலிருந்து புழுவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊருக்குப் போய் ஒரு சுற்றைத் தவறவிட்டால் மறுபடியும் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டியதுதான்.

வினிகர் ஈலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆப்பிள் சைடர் வினிகரும் குளோரின் நீங்கிய தண்ணீரும் சம அளவில் கலந்து, இரண்டு ஆப்பிள் துண்டுகளைப் போட்டு, ஸ்டார்ட்டரை (புழுக்கள் உள்ள கல்ச்சரில் சிறிதளவை) ஊற்றி, காற்றுப் புகும்படி வாயைத் துணியால் கட்டி அலமாரியில் வைத்தால் போதும். மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் செயற்கை வினிகர் இதற்கு ஏற்றதல்ல, ஏனெனில் இந்தப் புழு தின்பது வினிகரில் வளரும் நுண்ணுயிரிகளைத்தான். பெருகுவதற்கு ஒரு மாதமாவது ஆகும். அதன் பிறகு தொடாமல் விட்டாலும் பல மாதங்கள் தாங்கும். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்மட்டத்தின் ஓரத்தில் வெள்ளை இழைகள் இடைவிடாமல் நெளிவது தெரியும்.

வினிகரை அப்படியே தொட்டியில் ஊற்றக் கூடாது என்பதால், எடுப்பதற்குச் சற்றே பொறுமை வேண்டும். நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் கழுத்தின் அடிவரை கல்ச்சரை ஊற்றி, அதைத் தொடும்படி ஃபில்டர் பஞ்சைத் திணித்து, அதன்மேல் நல்ல தண்ணீரை மெல்ல விட வேண்டும். ஆக்சிஜனைத் தேடிப் புழுக்கள் இரவோடு இரவாகப் பஞ்சைக் கடந்து மேலே வந்துவிடும்; காலையில் சிரிஞ்சால் உறிஞ்சி நேரே குஞ்சுகளுக்குக் கொடுக்கலாம்.

தொட்டிக்குள்ளும் வினிகர் ஈலுக்கே சாதகம். மைக்ரோ வார்ம் அடியில் போய்ச் சேர்ந்து, தின்னாமல் விட்டால் ஒரு நாளில் செத்துத் தண்ணீரைக் கெடுக்கிறது. வினிகர் ஈலோ நாட்கணக்கில் உயிரோடு, குஞ்சுகள் இரை தேடும் மேல்மட்டத்திலேயே நீந்துகிறது. மைக்ரோ வார்ம் தின்ற ஃபைட்டர்களுக்கு வயிற்றுத் துடுப்பு வளர்வதில்லை என்று சிலர் சொல்வதுண்டு. என் குஞ்சுகளில் அப்படிக் கண்டதில்லை என்பதால் அதை ஒரு காரணமாக நான் எண்ணவில்லை.

என் அனுபவம் ஒரு நேரத்தில் ஒரே ஜோடியின் குஞ்சுகளை வளர்ப்பதோடு நிற்கிறது. சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் பண்ணைகளைப் போலப் பல ஜோடிகளை ஒரே நேரத்தில் இனப்பெருக்கத்துக்கு விடுபவர்களுக்கு வினிகர் ஈலின் விளைச்சல் போதாது என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு மைக்ரோ வார்மின் வேகம் தேவைப்படலாம். எதைத் தேர்ந்தாலும் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய மூன்றாம் நான்காம் நாளிலிருந்து ஆர்ட்டீமியாவைச் சேர்த்துவிட வேண்டும், இந்தப் புழுக்களை மட்டும் நம்பினால் வளர்ச்சி பின்தங்கும்.