எஃப் கார்டுக்குப் பயந்தவன் வாங்கிய பாட்டுப் புத்தகம்

நாற்பத்தேழு வயதில் கிடார் கற்கப் போனவன் நான். வாத்தியாருக்கு என் பையன் வயசு. எட்டு மாதமாகியும் எஃப் கார்டு (கார்டு என்றால் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் பிடி) மட்டும் மசியவில்லை. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் அமுக்கினால் நாலு பேசும், இரண்டு 'டொக்' என்று செத்துப்போகும். அதனால்தான், ஆறே கார்டில் 40 சினிமாப் பாட்டு என்று அட்டையில் போட்டிருந்ததைப் பார்த்ததும் 350 ரூபாயை எடுத்து வைத்துவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எஃப் வரும் இடத்திலெல்லாம் எஃப் மேஜர் செவன் போட்டிருக்கிறார்கள். மூன்று விரல் போதும், முதல் கம்பியைத் தொடவே வேண்டாம். முதல் நாள் ராத்திரியே ஒரு பாட்டை முழுசாக வாசித்துவிட்டேன். வீட்டில் யாரும் கதவைச் சாத்தவில்லை.

ஆனால் திறந்து கிடக்கும் அந்தக் கம்பி 'இ'. சி-யை ஸட்ஜமாக வைத்தால் அது காந்தாரம். பாட்டு அடுத்த ஸ்வரமான மத்யமத்தில் போய் நிற்கிற இடத்தில் கிடார் மட்டும் காந்தாரத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் காதில் மணல் விழுந்த மாதிரி இருக்கிறது. அந்த இடங்களுக்கு மட்டும், ஆள்காட்டி விரலால் முதல் இரண்டு கம்பியை அமுக்கும் சின்ன எஃப்பைத் தந்திருக்கலாம். வாத்தியார் அதைத்தான் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்.

எல்லாப் பாட்டின் சுருதியையும் சி-க்கோ ஏ மைனருக்கோ மாற்றிவிட்டு, காப்போவை (எல்லாக் கம்பியையும் மொத்தமாக அமுக்கிச் சுருதியை ஏற்றும் கிளிப்) எங்கே மாட்டுவது என்று ஒரு வரி கூட எழுதவில்லை. ஒரிஜினல் பி மைனரில் இருந்தால், அதே ஏ மைனர் பிடிகளோடு காப்போவை 2-ஆம் ஃப்ரெட்டில் (கிடார் கழுத்தின் இரண்டாவது கட்டத்தில்) மாட்டினால் தீர்ந்தது. அது தெரியாமல் போனில் பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்து, ட்யூனிங்தான் போய்விட்டது என்று அரை மணி நேரம் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

பெரிய குறை தாளம். நாற்பது பாட்டுக்கும் ஒரே ஸ்ட்ரம்மிங் (கம்பிகளை மொத்தமாகத் தட்டும் முறை): கீழே, கீழே-மேலே, மேலே-கீழே-மேலே. 'தகிட தகிட' என்று மும்மூன்றாக நடக்கிற தாலாட்டுக்கும் அதேதான்! குழந்தை தூங்காது, எழுந்து ஆடும். தடித்த கம்பியில் கட்டை விரலால் ஒன்று, மெல்லிய கம்பிகளில் மெதுவாக இரண்டு என்று போட்டுப் பார்த்தேன், பாட்டு தன்னால் நடந்தது.

'இளைய நிலா'வைத் தேடித்தான் முதலில் பக்கம் புரட்டினேன். 1982-இல் இளையராஜா போட்டது. கிடார் எடுத்தவனெல்லாம் ஒரு நாளாவது ஆசைப்படும் பாட்டு. அதன் உயிரே கம்பி கம்பியாகப் பறித்து ஓடுகிற அந்தக் கிடார்தான். இங்கே அதற்குப் பதில் அதே கீழே-மேலே தட்டுதான். அச்சு அசலாக வாசிக்க என்னால் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். கட்டை, ஆள்காட்டி, நடு, மோதிரம் என்று வேகம் குறைத்து ஒரே ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) எழுதியிருந்தால் கூட ஒரு மாதம் அதிலேயே கிடந்திருப்பேன்.

எழுத்து பெரிசு, கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். பைண்டிங் மோசம். ஸ்டாண்டில் வைத்தால் பாட்டின் நடுவிலேயே மூடிக்கொள்கிறது. ஜெராக்ஸ் கடையில் 40 ரூபாய் கொடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் வாத்தியார் இருந்தால் வாங்கலாம். தனியாகப் பழகுகிறவர்கள் காப்போ அட்டவணை உள்ள வேறு புத்தகமாகப் பாருங்கள்.