இரவு நடைக்கு ஒரு டார்ச் லைட்: ஆறு வருட அனுபவம்

திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டி எங்களுக்கு வாழைத்தோட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். முதலில் குளத்தங்கரை, அப்புறம் ஓடை, கடைசியில் வரப்பு. தண்ணீர் முறை ராத்திரியில் வந்தால் ராத்திரியில்தான் போய் மடை திருப்ப வேண்டும். குலை தள்ளும் காலத்தில் பன்றிக்குக் காவலும் உண்டு. இதுபோக வருடத்துக்கு ஒருமுறை திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை, அதுவும் வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான். இத்தனைக்கும் ஆறு வருடமாக என் கையில் இருப்பது ஒரே டார்ச். அதற்கு முன் நான்கு டார்ச் வாங்கிப் பணத்தை விட்டிருக்கிறேன்.

காட்டுக்குள் இரவில் நடக்க நினைப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-இல் அமைந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். இரவில் அதற்குள் நடக்க அனுமதி இல்லை, நடக்கவும் கூடாது. நான் எழுதுவது அடிவாரத்து வரப்புக்கும், ஓடைக்கும், ஊர்ச்சாலைக்கும்தான்.

மாடல் பெயரைச் சொல்லிப் பயனில்லை. நான் வாங்கியது இப்போது கடைகளில் வருவதில்லை. எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம். அலுமினிய உடல், ஒரு சாணுக்கும் குறைவான நீளம், உள்ளே சார்ஜ் செய்துகொள்ளும் ஒரே ஒரு 18650 லித்தியம் செல், பின்பக்கம் அழுத்தும் சுவிட்ச், நான்கு அளவு வெளிச்சம். விலை அன்றைக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அந்த விலைக்குத் திருநெல்வேலி டவுன் ரதவீதிக் கடைகளில் இதைவிட மூன்று மடங்கு பெரிய லைட் கிடைத்திருக்கும்.

அந்தப் பெரிய லைட்டைத்தான் முதலில் வாங்கியிருந்தேன். எங்கள் பக்கம் தோட்டத்துக்குப் போகிற முக்கால்வாசிப் பேர் கையில் அதைப் பார்க்கலாம்: கைப்பிடி வைத்த, தோளில் தொங்கப்போடும் சார்ஜ் லைட். உள்ளே இருப்பது ஈய அமில பேட்டரி. அந்த வகை பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் இரண்டு மாதம் போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து செத்துவிடும். மழைக்காலத்தில் ராத்திரித் தண்ணீர் பாய்ச்சும் வேலை கிடையாது, லைட் மூலையில் கிடக்கும். தை மாதம் எடுத்தால் மினுக்கென்று ஒரு வெளிச்சம் வந்து அணையும். இரண்டு லைட் எனக்கு இப்படித்தான் போனது. விற்பவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை வைத்துத்தான் எல்லோரும் வாங்குகிறோம், ஆயிரம் லூமன், முந்நூறு மீட்டர் என்று. லூமன் என்பது டார்ச்சிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு, மீட்டர் அது எட்டும் தூரம். இந்த மீட்டர் கணக்கை ஒழுங்காகப் போடும் கம்பெனிகள் எப்படிப் போடுகின்றன என்றால், பொருள்மேல் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற தூரத்தைச் சொல்கின்றன. ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம். முந்நூறு மீட்டருக்கு அப்பால் ஏதோ நிற்கிறது என்பது தெரியலாம், மாடா மிளாவா (கடமான்) என்று தெரியாது. அதில் பாதித் தூரம்தான் உருப்படியாகப் பார்க்கக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லூமனும் அப்படித்தான். கைக்கு அடக்கமான டார்ச்சில் அது சில நிமிடம்தான் நிற்கும். உடல் சுட ஆரம்பித்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். குறைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எல்.இ.டி. கெட்டுவிடும்.

நான் இப்போது ஒரு டார்ச்சைக் கையில் எடுத்தால் அதன் ஆகக் குறைந்த வெளிச்சம் எவ்வளவு என்றுதான் முதலில் பார்க்கிறேன். நடப்பதற்கு எனக்கு ஐம்பதிலிருந்து நூறு லூமன் போதும். குளத்தங்கரை மாதிரி பழகிய பாதைக்குப் பத்தே போதும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒருமுறை ஆயிரம் லூமனை வெளிறிய வரப்பு மண்ணில் அடித்துவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். அணைத்தபிறகு பக்கத்தில் நிற்கும் வாழைமரம்கூடத் தெரியாது. சிறு வெளிச்சத்தில் நடந்தால் டார்ச் வட்டத்துக்கு வெளியேயும் கரையின் வளைவு, தண்ணீரின் மினுக்கம், தோட்டத்துக் குடிசை எல்லாம் நிழலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். ராத்திரி நடையில் அந்த வெளிவட்டம் எவ்வளவு பெரிய துணை என்பது நடந்தவர்களுக்குத் தெரியும்.

சின்ன வயதில் மடை திருப்பச் சித்தப்பாவோடு போகும்போது லைட்டை நான் வாங்கிக்கொண்டு மரத்திலும் வானத்திலும் அடிப்பேன். "ஏல, லைட்டக் கால்ல அடி. மேல என்ன இருக்கு?" என்பார். அவர் சொன்னதன் காரணம் பின்னால்தான் புரிந்தது. டார்ச்சை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்துச் சாய்வாக அடித்தால் ஒவ்வொரு கல்லுக்கும் வேருக்கும் நீளமான நிழல் விழும். பள்ளம் மேடு தெளிவாகத் தெரியும். நெற்றியில் கட்டும் லைட்டில் வெளிச்சம் கண்ணுக்கு மிக அருகிலிருந்து போவதால் அந்த நிழல்கள் கண்ணில் படுவதில்லை, தரை சமதளம்போல் தெரியும். கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும், மரமும் முகத்துக்கு நேரே நிற்கும். அவர்களுக்கு நெற்றி லைட்தான் சரி. நடைக்குக் கையில் பிடிப்பதே மேல். சாரல் அடிக்கும்போது வித்தியாசம் இன்னும் அதிகம். நெற்றி லைட் மழைத்துளிகளில் பட்டு முகத்துக்கு முன்னால் வெள்ளைத்திரை விரித்தமாதிரி ஆகிவிடும். ஈசல் கிளம்பும் இரவில் அத்தனையும் நேராக வாய்க்கும் கண்ணுக்கும் வரும்.

அடுத்தது நிறம். இதை நான் ரொம்பத் தாமதமாகக் கற்றேன்.

அப்பா வைத்திருந்தது மூன்று பேட்டரிக் கட்டை போடும் எவரெடி டார்ச். மஞ்சள் வெளிச்சம், தலையைத் திருகினால் விரியும், சுருங்கும். எல்.இ.டி. வந்தபோது அந்த நீலம் கலந்த வெள்ளையைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தோம். ஆனால் அந்த வெள்ளையில் செம்மண்ணும் சருகும் காய்ந்த மட்டையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். பழைய குண்டு பல்பு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பொருளின் நிறத்தை உள்ளபடி காட்டியது. மலிவான எல்.இ.டி.யில் சிவப்பும் பழுப்பும் அடிபட்டுப் போகும். அதனால்தான் இந்த டார்ச் வாங்கும்போது 4000-இலிருந்து 5000 கெல்வின் வரை உள்ள நிறம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இந்த எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சளாகும், கூடினால் நீலமாகும். நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்குச் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது 90-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. அதே செல்லில் வெளிச்சம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

மூன்றாம் வருடம் புரட்டாசியில் ஒருநாள், மணி பதினொன்று இருக்கும். வரப்பில் வாழைச்சருகு விழுந்து கிடந்தது. இரண்டாவது அளவு வெளிச்சத்தில் வந்துகொண்டிருந்தேன். சருகின் பழுப்புக்குள் கொஞ்சம் அடர்ந்த பழுப்பில் வட்டம் வட்டமாகச் சங்கிலிபோல ஒரு வரிசை. நின்றுவிட்டேன். ஆறடிதான் இருக்கும். கண்ணாடி விரியன், சுருண்டுகூட இல்லை, பாதி உடம்பு சருகுக்கு அடியில். வெளிச்சம் பட்டும் அசையவில்லை. பழைய வெள்ளை லைட்டாக இருந்திருந்தால் அந்த வட்டங்கள் என் கண்ணில் பட்டிருக்குமா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். பின்வாங்கி, ஓடை வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

இதில் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நாய், பூனை, மிளா, சிறுத்தை இவற்றின் கண்ணில் லைட் பட்டால் பளபளக்கும். விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதுதான் காரணம். பாம்புக்கு அது கிடையாது, பன்றிக்கும் கிடையாது. ஆக, எங்களுக்கு அதிகம் ஆபத்தான இரண்டும் கண் மின்னிக் காட்டிக்கொடுக்காது. பாம்பை நிறத்தாலும் நிழலாலும்தான் கண்டுகொள்ள வேண்டும், பன்றியைச் சத்தத்தால். கரடி இறங்கியிருக்கிறது என்று ஊரில் பேச்சு வந்தால் டார்ச்சை நம்பித் தனியே போவதில்லை. இரண்டு பேராகச் சத்தமாகப் பேசிக்கொண்டு போவோம். எத்தனை நல்ல டார்ச் இருந்தாலும் கையில் கம்பும் காலில் மூடிய செருப்பும் வேண்டும்.

செல் விஷயத்தில் ஏமாறாதீர்கள். 18650 என்பது 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதன் சுருக்கம்தான். அந்த அளவுக்குள் நல்ல கம்பெனிகளே கொடுக்கும் கொள்ளளவு சுமார் 3500 எம்.ஏ.எச். வரைதான். மேலே 9900 என்று அச்சடித்து விற்கும் செல்லைக் கையில் தொடவே வேண்டாம். என்னிடம் இருப்பது 3000. நூறு லூமனில் எனக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வருகிறது. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். நீண்ட நாள் சும்மா வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைப்பது நல்லது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் போட்டுவைக்கக் கூடாது.

இரண்டாம் வருடம் ஒரு தப்பு நடந்தது. துணிப்பைக்குள் துண்டுக்கு நடுவில் கிடந்த டார்ச், சுவிட்ச் அமுங்கி முழு வெளிச்சத்தில் எரிந்திருக்கிறது. கருகல் வாடை வந்து பையைத் திறந்தால் துண்டில் அரையணா அளவுக்கு ஓட்டை. கண்ணாடி நன்றாக இருந்தது. அன்றிலிருந்து பைக்குள் போடுமுன் பின்மூடியைக் கால் திருகு தளர்த்திவிடுகிறேன், தொடர்பு அறுந்துவிடும். என் டார்ச்சில் மரைகளுக்கு மின்சாரம் கடத்தாத பூச்சு இருப்பதால் இது நடக்கிறது. வாங்கும்போதே கடையில் திருகிப் பார்த்துவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையை எங்கள் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நான் அப்போது தாமிரபரணிக் கரையில் அத்தை வீட்டில் மாட்டிக்கொண்டேன். கரண்ட் இல்லை, செல்போனும் அணைந்துவிட்டது. இந்த டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, ஒரு தம்ளருக்குள் நேராக நிறுத்தி, கூரையைப் பார்க்க வைத்தோம். வெள்ளையடித்த கூரையில் பட்டு அறை முழுக்க மெல்லிய வெளிச்சம். ஆறு பேர் அதில் சாப்பிட்டோம், குழந்தைகள் பயப்படாமல் தூங்கின. மூன்று ராத்திரி ஒரே செல்லில் ஓடியது. பின்பக்கம் தட்டையாக இருந்து நேராக நிற்கும் டார்ச்சாக வாங்குங்கள் என்று நான் சொல்வது அந்த ராத்திரிகளை வைத்துத்தான்.

பாதயாத்திரைக்கு வேறு கணக்கு. செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் என்று போகும் சாலையில் பாதை நன்றாகவே தெரியும். அங்கே வண்டிக்காரர்களுக்கு நாம் தெரிவதுதான் பெரிய விஷயம். எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். கூட்டத்தின் கடைசியில் வருபவர் முதுகில் சிவப்பு விளக்கு ஒன்றும், பையில் ஒளிரும் பட்டையும் கட்டாயம்.

குறை இல்லாமல் இல்லை. சேற்றுக் கையோடு பிடித்தால் வழுக்குகிறது, சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டியிருக்கிறேன். சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் விளக்கு கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் கடைசியாக வைத்த அளவை மறந்து பெரிய வெளிச்சத்தில்தான் ஆரம்பிக்கிறது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம், அடுத்து வாங்குவதில் இதை முதலில் பார்ப்பேன். தண்ணீர் புகுந்ததில்லை, ஓடையில் இரண்டு முறை விழுந்தும். தண்ணீர் தாங்கும் அளவைக் காட்ட ஐ.பி.எக்ஸ் 7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள், 4 என்றால் தெறிக்கும் தண்ணீர் மட்டும்தான். நம் ஊர் ஐப்பசி மழைக்கு 7-க்குக் குறைந்து வாங்காதீர்கள்.

இந்த வாரம் பின்மூடியைக் கழற்றியபோது உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தது. டார்ச்சோடு வந்த மாற்று வளையம் இன்னும் டப்பாவில் இருக்கிறது. மரையைத் துணியால் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தொட்டு, மழை பிடிப்பதற்குள் அதை மாட்டிவிட வேண்டும்.